விழத் தெரிந்தவர்

விழுவதில் என் அக்காள் புருசனை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. தடுக்கி விழுவதைச் சொல்லவில்லை. ஊர் கூடியிருக்கும் சாவடி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, நெற்றியை மண்ணில் வைத்து, "தப்பு என்னோடதுதான் சாமிகளா" என்று சொல்வார்களே, அந்த விழுதலைச் சொல்கிறேன். மற்றவர்கள் விழுந்தால் பாரவண்டி மாடு படுப்பது மாதிரி இருக்கும். முதலில் ஒரு முட்டி, பிறகு இன்னொரு முட்டி, நடுவில் வேட்டியை இழுத்துவிட்டுக்கொள்வது, யார் யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண் போடுவது. அவரிடம் இந்தச் சோலியெல்லாம் கிடையாது. நின்றுகொண்டிருப்பார். கண்ணை மூடித் திறப்பதற்குள் கிடப்பார்.

பெற்ற பெண்குழந்தையைக் கொன்றார் என்று மதுரையில் அவரைத் தூக்கில் போட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் பிழைத்து வருவார் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் நாங்களே போதும். அவர் பேரைச் சொல்லப்போவதில்லை. அக்காள் புருசன் பேரை வாயால் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. அப்படியே இருந்தாலும் அந்தப் பேரை எடுக்க எங்கள் குடும்பத்தில் யாருக்கும் முகம் கிடையாது.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் சாவடி வழக்கம் தெரியாது. தப்புச் செய்தவன் தன் தப்பைத் தன் வாயால் சொல்ல வேண்டும். செய்ததைச் செய்த அளவுக்குச் சொன்னால் சபைக்குப் பிடிக்காது. எதையோ மறைக்கிறான் என்று தோண்ட ஆரம்பிப்பார்கள். அதனால் கூட்டித்தான் சொல்ல வேண்டும். ஆடு நாலு கதிரைக் கடித்திருந்தால், "ஊர் வெள்ளாமைய அழிச்ச பாவி நான்" என்று சொல்ல வேண்டும். அண்ணன் தம்பிக்குள் கைகலப்பு என்றால், "கூடப்பெறந்தவனைக் குத்திக் கொன்ன பாவி நான்" என்று சொல்ல வேண்டும். விழுந்தவன் கூட்டக் கூட்ட, சபை குறைத்துக்கொண்டே வரும். கடைசியில் நாட்டாமை, "அம்புட்டெல்லாம் இல்லப்பா, எந்திரி" என்பார். கோயில் விளக்குக்கு எண்ணெய், சபைக்கு வெற்றிலை பாக்கு, அதோடு முடிந்தது. பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. இதைவிட நல்ல சட்டம் உலகத்தில் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

கல்யாணத்தன்றைக்கே விழுந்தவர் அவர். சாப்பாட்டில் உப்புக் கூடிவிட்டது என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். எங்கள் சின்னையா சும்மா இருந்திருக்கலாம். "உப்பு உங்க நாக்குல, எங்க சோத்துல இல்ல" என்றார். பேச்சு ஏறி, ஒருவர் துண்டை ஒருவர் பிடிக்கிற அளவுக்குப் போயிற்று. மணவறையில் உட்கார்ந்திருந்தவர் மாலையோடு எழுந்து வந்து பந்தி நடுவில் விழுந்தார்.

"கொழம்புல உப்பு மூடையக் கவுத்த பாவி நான்தான்யா. என்னைய அடிங்க."

அடுப்படி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெரியவரே இன்னொரு இலை போடச் சொன்னார். எனக்குத்தான் மானம் போய்விட்டது. மாலையோடு மண்ணில் விழுகிற மாப்பிள்ளையை எங்கே தேடிப் பிடித்தார்கள் என்று என் வயதுச் சோட்டுப் பெண்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் முகத்துக்கு நேராகவே சொல்வேன். அவரும் சிரித்துக்கொள்வார்.

நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டால் நாம் என்ன செய்வோம்? நிலையைத் திட்டுவோம். அவர் நிலையைத் தடவிக்கொடுப்பார். உழும்போது மாட்டை ஒரு அடி ஓங்கிப் போட்டுவிட்டால், ஏர் அவிழ்த்ததும் அதன் காதில் வாயை வைத்து என்னவோ முணுமுணுப்பார். "மாட்டுக்கிட்டயுமா மச்சான்?" என்று கேட்டால், "அது சாவடிக்கு வர முடியாதுல்ல கொழுந்தியா" என்பார்.

ஊருக்கு இந்தக் குணம் வசதியாகப் போயிற்று. இரண்டு வீட்டுக்கு நடுவில் வரப்புத் தகராறு, மடை தகராறு என்று வந்து, இரண்டு பேரும் விழ மாட்டேன் என்று முறைத்துக்கொண்டு நின்றால், அவரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவர் வருவார், விழுவார். "ராத்திரி மடையத் தெறந்து விட்ட பாவி நான்" என்பார். அவர் திறக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தலையாட்டுவார்கள். என் அண்ணன் இதில் ஒரு படி மேலே போனார். மலைமேல் வெள்ளைக்காரர்கள் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அண்ணன் சுண்ணாம்பு மூட்டை ஏற்றிக்கொண்டு தேக்கடிப் பாதையில் வண்டி அடித்துக்கொண்டிருந்தார். ஒரு தரம் அவருடைய வண்டி பின்னுக்குச் சரிந்து இன்னொருவருடைய மாட்டின் காலை ஒடித்துவிட்டது. அண்ணன் விழவில்லை. "மாப்ள விழுந்துருவாரு" என்றார். வண்டிக்குப் பக்கத்திலேயே இல்லாத மச்சான் வந்து விழுந்தார். மாட்டுக்காரர் அழுதுகொண்டே எழுந்து போனார்.

ஒரு நாள் வாய்க்கால் கரையில் கேட்டுவிட்டேன்.

"ஏன் மச்சான், செய்யாததையெல்லாம் செஞ்சேன் செஞ்சேன்னு விழுறீகளே, உங்களுக்குக் கூச்சமா இல்லையா?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். "ஒரு ஆளு விழுந்தா நாலு வீட்டுல அடுப்பு எரியுது. எனக்கென்ன, வேட்டில மண்ணு ஒட்டும், தட்டி விட்டுக்கிருவேன்."

"உங்களை ஏமாளின்னு பேசுறாக."

"பேசட்டும். பேசுனா பசியாறும்."

இப்படிப்பட்டவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது? அக்காள் போட்டுப் பார்த்தாள். விழுந்துவிட்டு வருகிற நாளெல்லாம் சோற்றை நங்கென்று வைப்பாள். "நாளைக்கி எவனாவது கொலை செஞ்சுட்டு வந்தாலும் நீங்கதான் போயி விழுவீக" என்பாள். கோபத்தில் சொன்ன வார்த்தை. நாங்கள் எல்லாம் அதற்கும் சிரித்தோம்.

அவர்களுக்கு இரண்டு பெண்கள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது உறவுமுறைப் பெண்கள் அக்காளைப் பேசாத பேச்சு இல்லை. 'இவ வயித்துல பொட்டையத் தவிர ஒண்ணும் தங்காது' என்றார்கள். அவர் வாசலிலிருந்து உள்ளே வந்து எல்லோருக்கும் எதிரில் விழுந்தார். "பொட்டையாப் பெத்த பாவி நான்தான். அவளை ஒண்ணும் சொல்லாதீக." அதற்கும் சிரித்தார்கள். பேச்சு நின்றுபோயிற்று. ஆண்பிள்ளை வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்திருக்கும், யாருக்குத்தான் இல்லை? ஆனால் அந்தக் குழந்தையை அவர் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிற்பை நான் பார்த்திருக்கிறேன். சாய்ந்தால் கொட்டிவிடும் என்பது போலப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அப்போதெல்லாம் நடவுக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைக்கு அபின் தடவுவது உண்டு. கடுகில் பாதியை விரலில் ஒட்டி, தாய்ப்பாலில் குழைத்து, நாக்கில் வைத்துவிட்டால் குழந்தை வரப்போரத்து மரத்தில் கட்டிய தூளியில் உறங்கும். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. நானும் என் பிள்ளைகளுக்குக் கொடுத்தவள்தான். ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் தடவ வேண்டும். வயலுக்கு வந்து பாலூட்டித் தூளியில் போடும்போது தாய் தடவுவாள். அதுதான் வழக்கம்.

அன்றைக்கு வழக்கம் மாறிவிட்டது. குழந்தைக்குச் சளி. இரவெல்லாம் அழுதது. விடிவதற்குமுன் அக்காள் வீட்டிலேயே அபின் மருந்தைத் தடவிவிட்டாள். மச்சான் அதற்குமுன்பே மடை பார்க்கப் போய்விட்டார். வயலுக்கு வந்ததும் மருந்து தடவாமலே குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு அக்காள் நடவில் இறங்கிவிட்டாள். உச்சிவேளைக்குக் குழந்தை சிணுங்கியது. கரையில் நின்றவர் மச்சான். நடவுப் பெண்கள், "ஏப்பா, மருந்தைத் தடவி விடு, ஆத்தாக்காரி சேத்துல நிக்கா" என்று கூவினார்கள். அக்காள் மறுகோடியில் குனிந்துகொண்டிருந்தாள். அவள் காதில் விழவில்லை. அவர் தூளியில் முடிந்திருந்த சிமிழை எடுத்துத் தடவினார். கை பெரிய கை. நாங்கள் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் நட்டோம். சாயங்காலம் தூளியை அவிழ்த்தபோது குழந்தை சில்லிட்டுக் கிடந்தது.

"நான்தான் ஆத்தா உச்சிவேளைக்குத் தடவுனேன்" என்று அவர் சொன்னார். அக்காள் தூளிக் கயிற்றைப் பிடித்தவள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். பிள்ளை செத்த துக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடக்கம் முடிந்தபிறகு என்னையும் அண்ணனையும் மட்டும் உள்ளே கூப்பிட்டு, விடியலில் தானும் தடவியதைச் சொன்னாள். அவரிடம் போய்ச் சொல்லப்போகிறேன் என்று எழுந்தாள். அண்ணன் தடுத்தார்.

"அவரு எப்படியும் விழத்தான் போறாரு. ஆம்பள விழுந்தா எந்திரிச்சுருவான். பெத்தவளே கொன்னான்னு பேரு வந்தா உன் பொட்டப்பிள்ளைகள எவன் கட்டுவான்? வாய மூடிக்க."

நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்கு எங்கள் பயம் எல்லாம் ஊர்ப்பேச்சுக்கு மட்டும்தான்.

சாவடி கூடியது. அவர் அன்றைக்கு விழுந்ததில் வித்தை ஒன்றும் இல்லை. கால் மடங்கி விழுந்தார். ஆனால் வாய் பழகிய வாய். "மூணாவதும் பொட்டையாப் போச்சேன்னு பெத்த பிள்ளைய மருந்து வச்சுக் கொன்ன பாவி நான். என்னையத் தூக்குல போட்டாலும் காணாது" என்றார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அம்புட்டெல்லாம் இல்லப்பா, எந்திரி" என்று நாட்டாமை சொன்னார். அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். எண்ணெய், வெற்றிலை பாக்கு எல்லாம் அண்ணன் எடுத்துவைத்தார். எங்கள் கணக்கில் காரியம் முடிந்தது.

அணை வேலைக்குப் போகிற சாமான் வண்டிகளில் களவு போகிறது என்று விசாரிக்கக் கம்பத்திலிருந்து ஓர் ஏட்டு அந்த வாரம் எங்கள் ஊருக்கு வந்தார். சாவடியில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். ஊர் என்றால் பெருமை பேச ஏதாவது வேண்டுமே. எங்கள் ஊருக்கு மச்சான் விழுவதுதான் பெருமை. "எங்கூருல ஒருத்தர் விழுவாரு பாருங்க" என்று ஆரம்பித்து, உப்பு மூட்டைக் கதை, மடைக் கதை எல்லாம் சொல்லி, கடைசியாக இதற்கு வந்தார்கள். சொன்னால் போதாதென்று ஒருவர் எழுந்து அதே மாதிரி விழுந்தும் காட்டினார். "மூணாவதும் பொட்டையாப் போச்சேன்னு..." என்று அதே குரலில் சொன்னார்.

ஏட்டு மோரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ஆளைக் கூப்பிடு" என்றார். கூப்பிட்டதும் அவர் வந்தார். ஏட்டின் தலைப்பாகையையும் இடுப்பு வாரையும் கண்ட மாத்திரத்தில் விழுந்து, சாவடியில் சொன்னதையே மறுபடி சொன்னார்.

இத்தனைக்குப் பிறகும் எங்களில் ஒருவருக்கும் பயம் வரவில்லை. இப்போது நினைத்தால் நம்ப முடியவில்லை. வழக்கு விசாரிக்கிற சர்க்கார் கச்சேரியும் ஒரு சாவடிதான், கொஞ்சம் பெரிய சாவடி என்று நினைத்தோம். உத்தமபாளையத்துக் கச்சேரிக்கு அவரைக் கூட்டிப்போகிற அன்று நாட்டாமை அவர் தோளைத் தட்டி, "அங்கன போயி ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லுப்பா. நம்ம மாதிரி லேசுல எறங்க மாட்டாக. நீ கூட்டிச் சொன்னாத்தான் அவுக கொறைப்பாக" என்றார். அண்ணனும் அதையேதான் சொன்னார். நான் அவருக்குத் துவைத்த வேட்டியாக எடுத்துக் கொடுத்தேன். விழுகிற வேட்டி வெள்ளையாக இருந்தால் அதிகாரிக்கு மரியாதை என்று என் எண்ணம்.

நாங்கள் இரண்டு வண்டி ஆட்கள் கச்சேரி மரத்தடியில் இருந்தோம். ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது. அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் போல இருந்தார். நல்லவர்தான், குறை சொல்ல மாட்டேன். "நீ சொல்வது உனக்கே விரோதமாக வரும், தெரிகிறதா? யாராவது சொல்லச் சொன்னார்களா?" என்று ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டார்.

"யாரும் சொல்லல சாமி. நானாத்தான் சொல்றேன்."

"வேண்டுமென்றே கொடுத்தாயா?"

"வேணும்னுதான் சாமி. பொட்டப்பிள்ளைன்னு கொன்னேன். கொலகாரப் பாவி. என்னைய உசுரோட விடப்படாது."

மரத்தடியில் ஒருவர், "இன்னைக்கி மாதிரி இவரு என்னைக்கும் சொன்னதில்ல" என்று மெச்சினார். கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டோம். அவருக்கென்று ஒரு பங்கை இலையில் மடித்து வைத்தோம், திரும்பும்போது வண்டியில் தின்னட்டும் என்று. வெயில் தாழ்ந்தது. ஆள் வரவில்லை. அண்ணன் போய்ச் சேவகனிடம் கேட்டார். "கொலைக் கேசு. மதுரைக்கு அனுப்புறாக. நீங்க ஊரு போயிச் சேருங்க" என்றான் அவன். அண்ணன் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

மதுரையில் வக்கீல் வைத்தோம். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நீங்களே கழுத்தில் கயிறு மாட்டி அனுப்பியிருக்கிறீர்கள்" என்றார். சாவடி வழக்கத்தை நாட்டாமை கூண்டில் ஏறிச் சொன்னார். சர்க்கார் வக்கீல் சாவதானமாகக் கேட்டார்: குழந்தை செத்ததா? செத்தது. இவன் மருந்து கொடுத்தானா? கொடுத்தான். பெண் பிறந்தபோது தன்னைப் பாவி என்று சொன்னானா? சொன்னான். கச்சேரியில் ஒத்துக்கொண்டானா? ஒத்துக்கொண்டான். யார் முன்னாலும் குனியாத நாட்டாமை கூண்டைவிட்டு இறங்கி ஜட்ஜ் துரையின் மேசை முன்னால் விழுந்தார். சேவகர்கள் அவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி வெளியே கொண்டுபோய் விட்டார்கள். துரை எழுதிக்கொண்டே இருந்தார்.

வக்கீல் தனியாக எங்களிடம் கேட்டார். "குழந்தைக்கு வேறு யாராவது அன்று மருந்து கொடுத்தார்களா? ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், நானும் கொடுத்தேன் என்று வந்து சொன்னால் போதும். தெரியாமல் இரண்டு தரம் போய்விட்டது என்று நான் பேசுவேன். இல்லாவிட்டால் தூக்குத்தான்."

அண்ணன், "இல்லைங்க" என்றார். அக்காளை ஊரிலேயே விட்டு வந்திருந்தார். புத்தி பேதலித்துவிட்டது என்று கோர்ட்டில் சொல்லியிருந்தார். அவர் கணக்கு இது: அக்காள் வந்து சொன்னால், இந்தத் துரைமார் ஒரு கயிற்றுக்கு இரண்டு கயிறாக எடுப்பார்கள். ஒத்துக்கொண்டால் விடுவார்கள் என்று நம்பிப் போன இடத்தில்தானே ஒருவரைப் பறிகொடுத்தோம். மறுபடி இன்னொருத்தியை ஒத்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவதா? அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் வாய் இருந்தது, நீளமான வாய்.

தூக்கு என்று தீர்ப்பாயிற்று. மெட்ராஸ் பெரிய கோர்ட்டு பார்த்து முடிவு சொல்லும்வரை நாள் இருக்கிறது என்றார் வக்கீல். அக்காள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். கடைசியில் அண்ணன் அவளையும் என்னையும் வண்டி கட்டி மதுரை ஜெயிலுக்குக் கூட்டிப்போனார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் மெலிந்துபோய் நின்றார். முதலில் மாட்டை விசாரித்தார். பிறகு பெண்பிள்ளைகளை. மூத்தவளுக்குக் காது குத்திவிடுங்கள் என்றார். செய்த பாவத்துக்குச் சாவது சரிதான், உறக்கம்கூட நன்றாக வருகிறது என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை அக்காளால் தாங்க முடியவில்லை.

"இந்தாருங்க, அன்னைக்கி விடியக்காலம் நானும் குடுத்தேன்."

"என்னத்த?"

"மருந்தைத்தான். ராவெல்லாம் அழுதுச்சுல்ல. நீங்க மடைக்குப் போனபெறகு வீட்டுலயே தடவிட்டேன். உங்ககிட்டச் சொல்லல."

அவருக்கு உடனே பிடிபடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, நான் குடுத்தது மட்டும்னா, பிள்ளை உறங்கித்தான் இருக்கும்?"

"உறங்கித்தான் இருக்கும்."

"சாயங்காலம் முழிச்சிருக்கும்?"

"முழிச்சிருக்கும்."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சம் நான் கண்டதில்லை. என் பக்கம் திரும்பினார்.

"கொழுந்தியா, மெட்ராஸ்ல இன்னும் முடிவாகலன்னு சொன்னாகள்ல? வக்கீலய்யாகிட்ட இதைச் சொல்லுங்க. இப்பயே போங்க. நான் கொல்லலன்னு சொல்லுங்க. நான் வேணும்னு செய்யல கொழுந்தியா. எனக்குச் சாகப் பயமா இருக்கு."

'நான் இல்லை' என்று அவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். ஊருக்கே கொடுத்தவர், எங்களிடம் கேட்டது இது ஒன்றுதான்.

அண்ணன் சுவரைப் பார்த்தார். அக்காள் என்னைப் பார்த்தாள். 'நீ போகச் சொல், நான் போய் ஒத்துக்கொள்கிறேன்' என்பது போலத்தான் பார்த்தாள். எனக்கு அவளுடைய இரண்டு பெண்களும் கண்ணில் வந்தார்கள். அவளும் போய்விட்டால் அந்த இரண்டும் என் வீட்டுக்குத்தான் வரும் என்பதும் கூடவே வந்தது. இதையும் மறைக்க மாட்டேன். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். எத்தனையோ சபைகளைப் பார்த்தவர். வாய் திறக்காத சபை என்ன நினைக்கிறது என்பது அவருக்குத் தெரியாதா?

"சரி சரி" என்றார். குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டார். "வேணாம். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பிள்ளைகளுக்கு ஆத்தா வேணும்ல. நீ குடுத்தது கடுகளவு. அதுல ஒண்ணும் ஆயிருக்காது. நான்தான் கூடத் தடவிட்டேன். நான்தான்."

அவர் அப்படிச் சொன்னதும் அண்ணன் மூச்சு விட்டார். அக்காளும் விட்டாள். நானும் விட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவருக்கு அது கேட்டது.